பழைய அட்டையா, புதிய அட்டையா? வீட்டுக் கணினிக்கு ஒரு கணக்குப் பார்வை



வழமையாக இந்தப் பக்கத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று கதைக்கிற நான், இந்த மாதம் கணினிக்குள் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிக் கதைக்க வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நேயர் நேரத்தில் வந்த கேள்விகள்தான் இதற்குக் காரணம். சென்ற மாதம் ஒரு தாய் தொலைபேசியில் இப்படிக் கேட்டார்:

"அண்ணை, மகன் கொம்பியூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேணும் எண்டு நிக்கிறான். முன்னூறு பவுணுக்குள்ளை புதுசு ஒண்டு இருக்காம். இவற்றை தம்பி சொல்லுறார், அதே காசுக்குப் பழசிலை பெரிசா எடுக்கலாமாம். எனக்கு ரெண்டும் விளங்கேல்லை. காசு மட்டும் என்ரை."

அந்தக் கடைசி வசனம்தான் இந்த உரைக்கு அடிப்படை. பிள்ளை சொல்வது ஒன்று, உறவினர் சொல்வது ஒன்று, கடைக்காரர் சொல்வது இன்னொன்று. காசு கொடுப்பவர் மாத்திரம் நடுவில் நின்று தலையாட்டுகிறார். பொருளின் தொழில்நுட்பம் முழுவதும் தெரியாவிட்டாலும், சரியான நாலு கேள்வி கேட்டு முடிவெடுக்க யாராலும் முடியும். வணிகம் படித்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விகளை உங்கள் கையில் தர முயல்கிறேன்.

முதலில் காசின் பெறுமதி. பிரித்தானியாவில் 21 வயதுக்கு மேற்பட்டோரின் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண் ஆக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 270 பவுண் என்பது வரி கழிக்க முன்னரே 22 மணித்தியால வேலை. விடியற்காலை துப்புரவு வேலைக்கோ, இரவுக் கடை வேலைக்கோ போகிறவருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று நாள் உழைப்பைக் கொடுக்கும்போது மூன்று மணித்தியாலம் இருந்து யோசிக்கலாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இந்த அட்டை என்ன செய்கிறது?

கணினியின் மூளையான செயலி கணக்குகளைச் செய்கிறது. திரையில் தெரியும் படத்தை நொடிக்கு அறுபது தடவை, நூறு தடவை என்று வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டை. அதற்கென்று தனியான நினைவகமும் உண்டு. பெரும்பாலான செயலிகளுக்குள்ளேயே சிறிய வரைகலைப் பகுதி ஒன்று சேர்ந்தே வருகிறது. பாடசாலைக் கட்டுரை எழுத, இணையம் பார்க்க, ஊரில் உள்ள அம்மம்மாவுடன் வீடியோவில் கதைக்க அதுவே தாராளம். இந்த வேலைகளுக்குத் தனி அட்டை வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தனி அட்டை தேவைப்படுவது மூன்று காரியங்களுக்கு. பெரிய முப்பரிமாண விளையாட்டுகள் ஒன்று. வீடியோ தொகுத்தல், முப்பரிமாண வடிவமைப்பு இரண்டு. செயற்கை நுண்ணறிவு சார்ந்த பல்கலைக்கழகப் படிப்பு மூன்று. உங்கள் பிள்ளை இதில் எதற்குக் கேட்கிறார் என்பதுதான் முதற் கேள்வி. விடை தெரியாமல் விலை பேசக் கூடாது.

பெயரில் உள்ள இலக்கங்களை வாசிப்பது எப்படி?

பிள்ளைகள் "முப்பது அறுபது", "ஐம்பது அறுபது" என்று சொல்வது நமக்குப் பேருந்து இலக்கம் போலக் கேட்கும். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. என்விடியா நிறுவனத்தின் ஆர்.ரி.எக்ஸ் 3060 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கமான 30 தலைமுறையைக் குறிக்கிறது. பின் இரண்டு இலக்கமான 60 அந்தத் தலைமுறைக்குள் அது எந்தத் தரம் என்பதைக் குறிக்கிறது. 50 சிறியது, 60 நடுத்தரம், 70, 80, 90 என்று மேலே போகும்.

ஆகவே 3080 என்பது பழைய தலைமுறையின் பெரிய அட்டை. 5060 என்பது புதிய தலைமுறையின் நடுத்தர அட்டை. அந்தத் தாயின் வீட்டில் நடந்த வாதம் இதுதான். மகன் 5060 கேட்கிறான். தம்பி 3080 சொல்கிறார்.

இனி ஒரே தரத்தின் மூன்று தலைமுறைகளைப் பாருங்கள். 3060 அட்டை 2021 பெப்ரவரியில் அமெரிக்காவில் 329 டொலருக்கு வெளியானது. அதில் 12 கிகாபைட் நினைவகம். 4060 அட்டை 2023 யூனில் 299 டொலருக்கு வந்தது. 5060 அட்டை 2025 மே மாதம் அதே 299 டொலருக்கு வந்தது. இந்த இரண்டிலும் 8 கிகாபைட் நினைவகம்தான். வேகத்தில் புதியது முன்னுக்கு, நினைவகத்தில் பழையது முன்னுக்கு. புதியது என்றால் எல்லா வகையிலும் கூடியது என்ற எண்ணத்தை இந்த ஒரு உதாரணமே தள்ளிவிடும்.

நினைவகம் ஏன் முக்கியம்? அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை அகலமாக இருந்தால் வேண்டிய கோப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேசை சிறிது என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் எழும்பி அலுமாரிக்குப் போக வேண்டும். கணக்காளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேலை தடைப்படும். விளையாட்டு ஒன்று 8 கிகாபைட்டுக்கு மேல் கேட்கும்போது 8 கிகாபைட் அட்டைக்கு நடப்பதும் அதுதான். படம் திடீர் திடீரென்று விக்கி நிற்கும். அப்போது படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அதற்குப் பிள்ளை சம்மதம் என்றால் 8 கிகாபைட் இன்னும் சில காலம் ஓடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கப்படுவதுண்டு. 3060 என்ற பெயரிலேயே பின்னர் 8 கிகாபைட் அட்டை ஒன்றும் வந்தது. நினைவகம் மட்டுமல்ல, அந்த நினைவகத்துக்குப் போகும் பாதையும் அதில் ஒடுக்கம். 2016 இல் வந்த ஜி.ரி.எக்ஸ் 1060 இலும் 6 கிகாபைட், 3 கிகாபைட் என்று இரண்டு வகை இருந்தது. சிறியதில் வேலை செய்யும் பகுதிகளே குறைவு. எனவே பெயரோடு நினைவகத்தின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழைய அட்டைக்கு வயது முடிவது எப்போது?

பெறுமானத் தேய்வு பற்றி வணிகம் படித்தவர்களுக்குத் தெரியும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்கு ஏற்ற வேலை இல்லாமற் போகும். கணக்கியலில் அதையும் ஆயுள் முடிவு என்றே எடுப்போம். வரைகலை அட்டைக்கும் இது பொருந்தும். எரிந்து போகும் அட்டைகளிலும் பார்க்க, நல்ல நிலையில் இருக்கும்போதே கதவு சாத்தப்படும் அட்டைகள் அதிகம்.

ஜி.ரி.எக்ஸ் 1080 ரி.ஐ என்ற அட்டை 2017 மார்ச் மாதம் 699 டொலருக்கு வெளியானது. 11 கிகாபைட் நினைவகம். அதன் காலத்தில் அதுதான் பலரின் கனவு. இன்றும் பல விளையாட்டுகளை ஓட்டும் பலம் அதற்கு உண்டு. ஆனால் ஒளிக்கதிர்களைத் தனியாகக் கணிக்கும் பகுதி அதில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த "இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சேர்க்கிள்", 2025 மே மாதம் வந்த "டூம்: த டார்க் ஏஜஸ்" ஆகிய விளையாட்டுகள் அந்தப் பகுதி உள்ள அட்டையைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பலம் இருந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது, அட்டையை இயக்கும் மென்பொருள். புதிய விளையாட்டு வரும்போதெல்லாம் நிறுவனம் அதைத் திருத்தி வெளியிடும். 10 ஆம் தொடர் அட்டைகளுக்கான அந்த வழமையான வெளியீட்டை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மாத்திரம் வரும் என்று அறிவித்தது. ஏ.எம்.டி நிறுவனமும் 2025 ஒக்டோபர் இறுதியில் தனது 5000, 6000 தொடர் அட்டைகளைப் புதியவற்றிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்கு மாற்றியது. ஆதரவு நிற்கவில்லை என்று பின்னர் விளக்கமும் கொடுத்தது. இப்படிப்பட்ட அட்டையை வாங்கக் கூடாது என்பதில்லை. வாங்கினால் இரண்டு மூன்று வருடத்துக்கென்று கணக்கு வைத்து வாங்குங்கள் என்பதுதான்.

என்விடியாவின் 20 ஆம் தொடர், ஏ.எம்.டியின் 6000 தொடர் ஆகியவற்றிலிருந்து ஒளிக்கதிர்ப் பகுதி இருக்கிறது. விளையாட்டுக்காகக் கையில் மாறிய அட்டை தேடுவோர் அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

புதியது தோற்கும் இடமும் உண்டு

2022 ஜனவரியில் ஏ.எம்.டி ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.ரி என்ற அட்டையை 199 டொலருக்கு வெளியிட்டது. பெட்டியும் புதிது, இலக்கமும் புதிது. ஆனால் நினைவகம் 4 கிகாபைட். மதர்போர்டுடன் அது தொடர்பு கொள்ளும் பாதையும் நாலு ஒழுங்கைதான். பொதுவாக எட்டு அல்லது பதினாறு இருக்கும். புதிய மதர்போர்டில் அந்த ஒழுங்கைகள் வேகமானவை என்பதால் ஓரளவு சமாளித்தது. மூன்றாம் தலைமுறைப் பாதை கொண்ட பழைய மதர்போர்டில் போட்டபோது பாதி வேகப் பாதையில் அகப்பட்டு, 2017 இல் வந்த 8 கிகாபைட் ஆர்.எக்ஸ் 580 அட்டையிடமே பல விளையாட்டுகளில் தோற்றது. மலிவான புதிய அட்டையை வாங்குவோர் பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்பவர்களே. அவர்களுக்குத்தான் அது குறைவாக வேலை செய்தது.

இன்ரெல் நிறுவனத்தின் ஆர்க் பி580 அட்டை 2024 டிசம்பரில் 249 டொலருக்கு 12 கிகாபைட்டுடன் வந்தது. விலைக்கு நல்ல பொருள். ஆனால் மதர்போர்டில் "ரீசைசபிள் பார்" என்ற வசதி இருந்து, அதை இயக்கியும் வைக்க வேண்டும். பழைய செயலிகளுடன் சேர்த்தால் அதன் வேகம் குறைவதையும் 2025 தொடக்கத்தில் சோதித்தவர்கள் கண்டார்கள்.

ஆகவே அட்டையைத் தனியாக மதிப்பிட முடியாது. அது போய் உட்காரப் போகும் கணினியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணினியில் பார்க்க வேண்டியவை நாலு. மதர்போர்டின் பாதை எந்தத் தலைமுறை? பவர் சப்ளை எத்தனை வாட், அட்டைக்கு வேண்டிய மின் இணைப்பு வயர் அதில் இருக்கிறதா? பெட்டிக்குள் இடம் காணுமா? சில அட்டைகள் 30 சென்ரிமீற்றரையும் தாண்டும். செயலி அட்டைக்கு ஈடு கொடுக்குமா?

ஐந்தாவதாக இன்னொன்று. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு மாத்திரம் மேலும் ஒரு வருடப் பாதுகாப்புத் திருத்தம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. இன்ரெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலி உள்ள கணினி என்றால் விண்டோஸ் 11 இற்கு அது முறைப்படி ஏற்றுக்கொள்ளப்படாது. அப்படியான கணினிக்குள் 270 பவுண் அட்டையைப் போடுவது, இடிக்கப் போகும் வீட்டுக்குப் புது ஓடு போடுவது போல.

இனி கணக்கு

அந்தத் தாயின் வீட்டு வாதத்தைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். விலைகளை உதாரணத்துக்காகவே எடுக்கிறேன். 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. எனவே நீங்கள் வாங்கும் நாளில் உள்ள விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள். மின்சாரம் ஒரு அலகு 26 பென்ஸ், நாளுக்கு மூன்று மணித்தியால விளையாட்டு, மூன்று வருடப் பாவனை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1095 மணித்தியாலம் வருகிறது.

தம்பி சொன்ன 3080 அட்டை 2020 செப்டெம்பரில் வந்தது. 10 கிகாபைட். முழுவேகத்தில் 320 வாட் மின்சாரம் எடுக்கும். 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. கையில் மாறியது 250 பவுண் என்போம். வீட்டில் உள்ள பவர் சப்ளை போதாது, புதியது 80 பவுண். மின்சாரம் வருடத்துக்கு 91 பவுண், மூன்று வருடத்துக்கு 273. கூட்டினால் 603. மூன்று வருடம் கழித்து 80 பவுணுக்கு விற்கலாம் என்றால் மிச்சம் 523. வருடத்துக்கு 174 பவுண்.

மகன் கேட்ட 5060 அட்டை 145 வாட். 550 வாட் பவர் சப்ளை போதும் என்கிறது நிறுவனம். அது வீட்டில் இருக்கிறது. புதியது 270 பவுண். மின்சாரம் வருடத்துக்கு 41, மூன்று வருடத்துக்கு 124. கூட்டினால் 394. மூன்று வருடம் கழித்து 110 பவுணுக்கு விற்றால் மிச்சம் 284. வருடத்துக்கு 95 பவுண்.

கடையில் பழையது 20 பவுண் குறைவு. வீட்டில் வருடத்துக்கு 79 பவுண் கூட. பவர் சப்ளை முன்னரே இருந்தாலும் பழையதுக்கு வருடம் 148 பவுண் போகும். இதில் தம்பியின் பக்க நியாயத்தையும் எழுத வேண்டும். கணினி தானே இட்டு நிரப்பும் படங்களைக் கழித்துப் பார்த்தால், 3080 தான் வேகம் கூடிய அட்டை. நினைவகமும் 2 கிகாபைட் கூட. ஆகவே இப்போது கேள்வி தெளிவாகிறது: அந்த மேலதிக வேகத்துக்கு வருடம் 79 பவுண் கொடுக்க விருப்பமா? அதற்கு ஆம் என்று சொல்லும் வீடும் இருக்கலாம். தெரிந்து சொல்ல வேண்டும்.

இனி வேறு ஒரு வீடு. பிள்ளை சனி ஞாயிறில் நாலு நாலு மணித்தியாலம் நண்பர்களுடன் "போர்ட்நைட்", "மைன்கிராவ்ட்" போன்றவற்றை விளையாடுகிறார். வருடத்துக்கு 416 மணித்தியாலம். ஏ.எம்.டியின் ஆர்.எக்ஸ் 6600 அட்டை 2021 ஒக்டோபரில் வந்தது. 8 கிகாபைட், 132 வாட். கையில் மாறியது 110 பவுண் என்போம். மூன்று வருட மின்சாரம் 43. விற்கும்போது 30 வரும். மிச்சம் 123, வருடத்துக்கு 41 பவுண். அதே வீட்டில் 5060 வாங்கினால் 270 உடன் மின்சாரம் 47, விற்பனை 110 கழித்து மிச்சம் 207, வருடத்துக்கு 69 பவுண். இந்த விளையாட்டுகளுக்குப் பழையதே போதும். மூன்று வருடத்தில் 84 பவுண் மிச்சம். இங்கே பழையது வென்றது.

மூன்றாவது வீட்டில் மகள் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு படிக்கிறார். அந்தப் படிப்பில் பாவிக்கும் மென்பொருள்கள் பல என்விடியாவின் "கூடா" என்ற அமைப்பை நம்பி எழுதப்பட்டவை. அங்கே வேகத்தை விட நினைவகம் முக்கியம். வேகம் குறைந்தால் வேலை முடிய நேரம் எடுக்கும். நினைவகம் போதாவிட்டால் வேலை தொடங்கவே மாட்டாது. அவருக்கு 8 கிகாபைட் புதிய அட்டையிலும் பார்க்க 12 கிகாபைட் 3060 பொருத்தம். பல்கலைக்கழகமே கணினி நேரம் தருகிறதா என்பதையும் முதலில் கேட்கச் சொல்லுங்கள். தந்தால் செலவே இல்லை.

மூன்று வீட்டுக்கு மூன்று விடை. பழையது, புதியது என்பது விடையைத் தீர்மானிக்கவில்லை. எத்தனை மணித்தியாலம், எதற்காக, எந்தக் கணினியில், எத்தனை வருடம் என்பதே தீர்மானித்தது.

விளம்பரத்தில் வரும் வேகம்

2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் 5070 அட்டை முன்னைய தலைமுறையின் 4090 அட்டைக்கு ஈடான வேகம் தரும் என்று மேடையில் சொன்னார். 4090 வெளியானபோது அதன் விலை 1599 டொலர். அந்த ஒப்பீடு, அட்டை உண்மையில் வரைந்த ஒரு படத்துக்குப் பின்னால் கணினி ஊகித்து நிரப்பும் படங்களையும் சேர்த்து எண்ணியது. படம் வழுவழுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை விசையை அழுத்தியதற்குப் பதில் வரும் வேகம் அதனால் கூடுவதில்லை. கணக்காளர் மொழியில் சொன்னால், வரவேண்டிய காசை வந்த காசாக எழுதிய கணக்கு. ஒப்பீடு பார்க்கும்போது "படத்தை நிரப்பும் வசதியை நிறுத்தி வைத்துச் சோதித்ததா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று அவர் திரும்பிப் பார்ப்பார்.

கையில் மாறியதை வாங்கும்போது

2020 முதல் 2022 வரை பல அட்டைகள் "எதீரியம்" என்ற இணைய நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓடின. 2022 செப்டெம்பர் 15 அன்று அந்த முறை மாற்றப்பட்டதும் அவை சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது எல்லாம் கெட்டது என்று இல்லை. ஆனால் காற்றாடியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம். விற்பவர் வீட்டிலேயே ஒரு விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

போலிகளும் உண்டு. பழைய அட்டையின் உள் எழுத்தை மாற்றிப் புதிய பெயர் காட்ட வைப்பார்கள். "ஜி.பி.யு-இசட்" என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளை இனங்கண்டு எச்சரிக்கும்.

சட்டம் எங்கே துணை நிற்கும் என்பதும் விலையின் ஒரு பகுதிதான். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழுது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் பழுது வந்தால், வாங்கியபோது அது இருக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். கையில் மாறிய பொருளை விற்கும் கடைக்கும் இது பொருந்தும்; பொருளின் வயதையும் விலையையும் பார்த்துத் தரம் எதிர்பார்க்க வேண்டும். இணையத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் கைவிடும் உரிமையும் பெரும்பாலும் உண்டு. 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்ட்டில் வாங்கினால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75 ஆம் பிரிவின்படி கார்ட் நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு.

தனி நபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. அவர் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆகவே அவர் எழுதிய விளம்பரத்தையும் அனுப்பிய செய்திகளையும் சேமித்து வையுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் காசைக் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கும் 250 பவுண் பொருளும், உத்தரவாதத்துடன் கடை தரும் 250 பவுண் பொருளும் ஒரே விலை அல்ல.

வாங்காமல் இருப்பதும் ஒரு தெரிவு

பொருளியலில் அமையச் செலவு என்பார்கள். ஒன்றைத் தெரிந்தால் கைவிட வேண்டிய மற்றொன்றின் பெறுமதி. ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுக்குக் கட்டும் காசு, பிள்ளையின் தனியார் வகுப்பு, எல்லாம் ஒரே பணப்பையிலிருந்துதான் போகின்றன. வட்டிக்குத் தவணையாக இந்தப் பொருளை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒவ்வொரு மாதமும் பெறுமதி இறங்கும் பொருளுக்கு வட்டி கட்டுவது இரட்டை நட்டம்.

காசு கொடுக்காமலே செய்யக் கூடியவை சில இருக்கின்றன. திரையின் வயர் அட்டையில் செருகப்பட்டுள்ளதா, மதர்போர்டில் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மதர்போர்டில் இருந்தால், உள்ளே நல்ல அட்டை இருந்தும் சிறிய வரைகலைப் பகுதிதான் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும். விளையாட்டின் படத் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். உள்ளே அடைந்த தூசியைத் துப்புரவு செய்யுங்கள். இவற்றால் இன்னும் ஒரு வருடம் ஓடினால், அடுத்த வருடம் அதே காசுக்கு என்ன கிடைக்கிறது என்று அப்போது பார்க்கலாம்.

பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள்

நம்மில் பலர் பிள்ளைகளின் கணினிக் கதையைக் கேட்டு "எனக்கு விளங்காது, நீயே பார்" என்று விட்டுவிடுகிறோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடிதங்களை வாசிக்கவும், மருத்துவரிடம் கதைக்கவும் பிள்ளைகளை முன்னுக்கு விட்ட பழக்கம் அப்படியே தொடர்கிறது. இந்தப் பொறுப்பையும் முழுவதும் அவர்கள் தலையில் வைக்காமல், சேர்ந்து இருந்து பாருங்கள்.

ஒரு தாளில் பிள்ளையை இவற்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்கு வேண்டும், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? அட்டையின் பெயர், நினைவகம், வெளிவந்த வருடம், எத்தனை வாட்? நம் கணினியின் செயலி, மதர்போர்ட், பவர் சப்ளை எவை? பவர் சப்ளையும் சேர்த்து மொத்த விலை எவ்வளவு, உத்தரவாதம் யார் தருகிறார்? எத்தனை வருடம் பாவிப்பாய், பிறகு எவ்வளவுக்கு விற்கலாம்? வருடத்துக்கு என்ன செலவு?

பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டு நிரலாக இதை எழுதினால் முடிவு பெரும்பாலும் தாளிலேயே தெரிந்துவிடும். பதினைந்து வயதில் இந்தக் கணக்கைப் போடப் பழகிய பிள்ளை, நாளை வாகனம் வாங்கும்போதும் வீடு வாங்கும்போதும் இதே தாளைத்தான் எடுக்கும்.

கணக்கில் சந்தேகம் இருப்போர் நேயர் நேரத்தில் வழமைபோல் அழையுங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் இன்னும் நல்லது. அடுத்த மாத உரையில் மின் கட்டணச் சிட்டையை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம்.